9, 12, 25, 60: டவுன் சிண்ட்ரோமின் நான்கு எண்கள்

போன மாதம் ஒரு நண்பர் ராத்திரி 11 மணிக்கு போன் செய்தார். அவருடைய தங்கைக்கு மூன்றாவது மாதம். டபுள் மார்க்கர் டெஸ்ட்டில் 'ஹை ரிஸ்க்' என்று வந்திருக்கிறது. அதைக் கேள்விப்பட்ட சொந்தக்காரர் ஒருவர், "டவுன் சிண்ட்ரோம் குழந்தைன்னா பத்து இருபது வயசுக்கு மேல தங்காதாமே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீடே இடிந்து உட்கார்ந்திருக்கிறது. "நீதான் எதையாவது தோண்டித் தோண்டிப் படிச்சுக்கிட்டு இருப்பியே, இது உண்மையாடா?" என்று கேட்டார்.

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர்காரன். ஆனால் கேள்வி மனதில் உட்கார்ந்துவிட்டது. அடுத்த மூன்று வாரம் கிடைத்த நேரத்தில் எல்லாம் இதையே படித்தேன். சுருக்கமான பதில்: அது இன்று உண்மை இல்லை. ஆனால் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது.

பிரிட்டன், அமெரிக்கா பக்கத்துக் கணக்குகளைப் பார்த்தால், டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர்களின் சராசரி ஆயுள் 1929-ல் 9 வருடம். 1949-ல் 12. 1983-ல் 25. இன்றைக்கு சுமார் 60.

இந்தக் காலம் முழுக்க அந்தக் குரோமோசோமில் எந்த மாற்றமும் இல்லை. அதைச் சரிசெய்யும் மருந்து இன்றுவரை கிடையாது. அப்படியானால் 9 எப்படி 60 ஆனது? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் கொஞ்சம் உயிரியல்

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள், 23 ஜோடிகளாக இருக்கின்றன. அம்மாவிடமிருந்து 23, அப்பாவிடமிருந்து 23. கருமுட்டை உருவாகும்போது ஜோடிகள் பிரிய வேண்டும். எப்போதாவது 21-ஆம் ஜோடி பிரியாமல் ஒட்டிக்கொண்டே போய்விடும். அப்படிப்பட்ட முட்டையிலிருந்து வரும் குழந்தைக்கு 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும். டவுன் சிண்ட்ரோமில் சுமார் 95 சதவீதம் இந்த வகைதான். இதில் பெரும்பாலும் பிரியாமல் போவது அம்மாவின் முட்டையில், சில சமயம் அப்பாவின் விந்தணுவில். மீதி 5 சதவீதத்தில் வேறு இரண்டு வகைகள் உண்டு.

இது யாருடைய தப்பும் இல்லை. கர்ப்பிணி கிரகணத்தில் வெளியே வந்ததாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ, முன்ஜென்மப் பாவத்தாலோ வருவது இல்லை. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடும்: 20களின் தொடக்கத்தில் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு, 40 வயதில் சுமார் நூறில் ஒன்று. ஆனால் இளம் பெண்கள்தான் அதிகம் பிள்ளை பெறுகிறார்கள் என்பதால், இளம் தாய்மார்களுக்கும் இப்படிக் குழந்தைகள் நிறையவே பிறக்கின்றன. மொத்தத்தில் 700, 800 பிரசவங்களுக்கு ஒன்று.

இந்தக் குழந்தைகள் கற்றுக்கொள்வது மெதுவாக இருக்கும். தசைகள் தளர்வாக இருக்கும். பேச்சு தாமதமாக வரும். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு இருக்கும். தைராய்டு, காது, கண் பிரச்சினைகளும் மற்றவர்களைவிட அதிகம். இருதயக் கோளாறை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எழுத்து தோன்றுவதற்கு முன்னால்

'இதெல்லாம் இந்தக் காலத்து வியாதி, அந்தக் காலத்துல ஏது' என்று சொல்பவர்கள் உண்டு. அயர்லாந்தில் பௌல்னப்ரோன் என்ற இடத்தில் பெரிய கற்பாறைகளை அடுக்கிக் கட்டிய ஒரு கல்லறை இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு ஆண் குழந்தையின் எலும்பில் இருந்த டிஎன்ஏவை ஆராய்ந்து 2020-ல் முடிவு வெளியிட்டார்கள். 21-ஆம் குரோமோசோமிலிருந்து வரும் டிஎன்ஏ துண்டுகள் இருக்க வேண்டியதைவிட ஒன்றரை மடங்கு இருந்தன. அதாவது இரண்டுக்குப் பதில் மூன்று. குழந்தைக்கு வயது ஆறு மாதம் இருக்கலாம். காலம் சுமார் 5500 வருடங்களுக்கு முன். தாய்ப்பால் குடித்ததற்கான அடையாளமும் எலும்பில் இருந்தது. எல்லோருக்கும் இடம் கிடைக்காத அந்தக் கல்லறையில்தான் அதையும் வைத்திருக்கிறார்கள்.

2024-ல் வந்த இன்னொரு ஆய்வில் சுமார் பத்தாயிரம் பழங்கால டிஎன்ஏ மாதிரிகளைச் சலித்ததில் ஆறு பேருக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்தது தெரிந்தது. ஸ்பெயின், பல்கேரியா, கிரேக்கம், பின்லாந்து என்று பல இடங்கள், பல காலங்கள். பெரும்பாலும் கருவிலோ, பிறந்த கொஞ்ச நாளிலோ இறந்த குழந்தைகள். ஸ்பெயினின் இரும்புக்கால ஊர்களில் பெரியவர்களை எரித்துவிடுவது வழக்கம். ஆனால் இந்தக் குழந்தைகளை வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்திருக்கிறார்கள்.

இன்னும் பின்னால் போனால், ஸ்பெயினின் கோவா நெக்ரா குகையில் கிடைத்த ஒரு நியாண்டர்தால் குழந்தையின் காதெலும்பு. இதில் டிஎன்ஏ இல்லை, எலும்பின் உள் அமைப்பை வைத்துத்தான் டவுன் சிண்ட்ரோமாக இருக்கலாம் என்கிறார்கள். அந்தக் குழந்தைக்குக் காது சரியாகக் கேட்டிருக்காது, தலைசுற்றல் இருந்திருக்கும். ஆனாலும் ஆறு வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறது. வேட்டையாடிக்கொண்டு இடம் மாறிக்கொண்டே இருந்த ஒரு கூட்டத்தில் தாய் ஒருத்தியால் மட்டும் இது முடியாது. கூட இருந்தவர்களும் தூக்கிச் சுமந்திருக்க வேண்டும்.

பெயர் கொடுத்த டாக்டர்

'டவுன்' என்பதைக் கேட்டு 'கீழே' என்று அர்த்தம் எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது ஒரு டாக்டரின் பெயர். ஜான் லாங்டன் டவுன், இங்கிலாந்துக்காரர். 1858-ல் லண்டனுக்குத் தெற்கே இருந்த எர்ல்ஸ்வுட் காப்பகத்துக்குப் பொறுப்பாளராக வந்தார். மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான இடம் அது. அடிக்கிற தண்டனையை நிறுத்தினார், சுத்தத்தைக் கொண்டுவந்தார், கைத்தொழில் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார்.

அங்கே இருந்தவர்களில் சிலர் ஒருவருக்கொருவர் உறவே இல்லாதபோதும் அண்ணன் தம்பி போல முகச்சாயல் கொண்டிருப்பதைக் கவனித்தார். 1866-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். கவனிப்பு அபாரம், விளக்கம் தப்பு. அந்தக் கால இனவாதப் புத்தியில், இவர்கள் முகம் மங்கோலியர்களைப் போல இருப்பதாகச் சொல்லி அதையே பெயராகவும் வைத்துவிட்டார். நூறு வருடத்துக்கு மருத்துவப் புத்தகங்களில் இவர்கள் 'மங்கோல்கள்'. வேடிக்கை என்னவென்றால், அதே கட்டுரையில் அவர் இதை வைத்தே மனித இனம் ஒன்றுதான் என்றும் வாதாடினார். ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் வேறு இனத்து முகச்சாயலோடு குழந்தை பிறக்க முடியும் என்றால், இனங்களுக்கு நடுவே தாண்ட முடியாத சுவர் எதுவும் இல்லை என்பது அவர் கணக்கு. தப்பான காரணத்திலிருந்து சரியான முடிவு.

அந்தக் கட்டுரையில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, இவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் எதிர்பார்ப்பதைவிட நிறைய முன்னேறுகிறார்கள். இரண்டு, இவர்களுக்கு ரத்த ஓட்டம் மந்தம், ஆயுள் குறைவு. முதல் விஷயத்தை உலகம் அடுத்த நூறு வருடத்துக்கு மறந்தது. இரண்டாவதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

1868-ல் அவரும் மனைவி மேரியும் லண்டன் அருகே டெடிங்டனில் நார்மன்ஸ்ஃபீல்டு என்ற சொந்த இல்லத்தை ஆரம்பித்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கானது. 1879-ல் அதற்குள்ளேயே ஒரு நாடக அரங்கம் கட்டினார்கள். அங்கே இருப்பவர்கள் நடிக்கவும் பாடவும் வேண்டும் என்பதற்காக.

1896-ல் அவர் இறந்த பிறகு பிள்ளைகள் நடத்தினார்கள். 1905-ல் மகன் ரெஜினால்டுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. தாத்தா பெயரையே வைத்தார்கள், ஜான். அந்தக் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம்.

இந்த இடத்தைப் படித்தபோது கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன். தாத்தா விவரித்த நிலை, பேரனுக்கு. அந்தப் பேரன் நார்மன்ஸ்ஃபீல்டிலேயே குடும்பத்தோடு வளர்ந்தார். 1929-ல், சராசரி ஆயுள் 9 வருடமாக இருந்தபோது, அவருக்கு வயது 24. 1970-ல்தான் இறந்தார், 60 வயதைத் தாண்டி.

ஒருவரை வைத்துப் பொதுவாக எதையும் சொல்ல முடியாதுதான். சராசரி 9 என்றால் எல்லோரும் ஒன்பதில் இறந்தார்கள் என்று அர்த்தமும் இல்லை. நிறையப் பேர் முதல் வருடத்திலேயே இறந்ததால் சராசரி அவ்வளவு கீழே இறங்கியது. ஆனால் 'இந்த உடம்பு அவ்வளவுதான் தாங்கும்' என்பது உண்மை இல்லை என்பதற்கு அந்தப் பேரன் ஒருவரே போதும்.

9: இரண்டு வீடுகள்

அந்தக் காலத்தில் குழந்தைகளைக் கொண்டுபோனது நிமோனியா, காசநோய், இருதயக் கோளாறு. ஆன்டிபயாடிக் கிடையாது. கூட்டம் நிரம்பிய காப்பகங்களில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். டாக்டர்கள் பிரசவ அறையிலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுவார்கள்: வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், பாசம் வைக்காதீர்கள், காப்பகத்தில் விட்டுவிட்டு அடுத்த குழந்தையைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

1944-ல் எரிக் எரிக்சன் வீட்டில் இப்படி நடந்தது. குழந்தை வளர்ச்சி பற்றிப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருக்காது. உலகத்துக்கே குழந்தைப் பருவத்தை விளக்கியவர். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த அவருடைய மகனை நேராகக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். வீட்டில் இருந்த சின்னப் பிள்ளைகளிடம் குழந்தை இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். எரிக்சனைத் திட்ட இதைச் சொல்லவில்லை. அவ்வளவு படித்தவருக்கே அந்தக் காலத்தில் கிடைத்த ஆலோசனை அதுதான்.

இன்னொரு வீடு பிரான்சில். 1928-ல் ராணுவ அதிகாரி ஒருவருக்கு மகள் பிறந்தாள், பெயர் ஆன். அப்பா பெயர் சார்ல் டி கோல், பின்னாளில் பிரான்சின் ஜனாதிபதி. வெளியே விறைப்பாக, யாரிடமும் ஒட்டாத மனிதர். ஆனால் ஆன் முன்னால் பாடுவார், ஆடுவார், மடியில் வைத்துக் கதை சொல்வார். மகளை எங்கேயும் அனுப்பவில்லை. வேலை மாறிப் போன இடத்துக்கெல்லாம், போரில் லண்டனுக்குத் தப்பிப் போனபோதும், அவளும் கூடவே இருந்தாள். 1948-ல் 20 வயதில் நிமோனியாவில் அப்பாவின் கையிலேயே இறந்தாள். அம்மா இவோன், மகள் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கான இல்லம் அது.

மூன்றாவது வாசலும் ஒன்று இருந்தது. 1939 ஆகஸ்டில் ஜெர்மனியில் நாஜி அரசு ஒரு ரகசிய உத்தரவு போட்டது. குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளைப் பற்றி டாக்டர்களும் மருத்துவச்சிகளும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பட்டியலில் டவுன் சிண்ட்ரோமும் இருந்தது. அந்தக் குழந்தைகள் 'சிறப்புச் சிகிச்சை' என்ற பெயரில் கொல்லப்பட்டார்கள். டி4 என்று அழைக்கப்பட்ட திட்டத்தில் 1941-க்குள் காப்பகங்களில் இருந்த 70,000க்கும் மேற்பட்டவர்களை விஷவாயு வைத்துக் கொன்றார்கள். உத்தரவை நிறைவேற்றியவர்களில் பலர் படித்த டாக்டர்கள்.

12: மருந்து வந்தது, காரணம் தெரிந்தது

இரண்டாம் உலகப் போரை ஒட்டி சல்ஃபா மருந்துகளும் பென்சிலினும் வந்தன. 9 என்பது 12 ஆனது. நிமோனியாவில் இறந்திருக்க வேண்டிய சிலர் பிழைத்தார்கள். ஆனால் அவர்கள் பிழைத்துத் திரும்பிப் போனது அதே காப்பகத்துக்கு.

காரணத்தைத் தேடும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. லயனல் பென்ரோஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1933-லேயே குடும்பக் கணக்குகளை எடுத்து, தந்தையின் வயது இல்லை, எத்தனையாவது பிரசவம் என்பதும் இல்லை, தாயின் வயதுதான் சம்பந்தப்படுகிறது என்று காட்டினார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இந்த மூன்றையும் பிரித்தெடுத்தது சாதாரண வேலை இல்லை. ஒன்று கூடினால் மற்ற இரண்டும் சேர்ந்தே கூடுபவை.

மனிதருக்கு 46 குரோமோசோம் என்பதே 1956-ல்தான் உறுதியானது. அதுவரை 48 என்று நம்பினார்கள். எண்ணிக்கையே தப்பாக இருக்கும்போது ஒன்று கூடுதல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1959-ல் பாரிசில் மூன்றாவது 21-ஆம் குரோமோசோமைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். முதல் பெயர் ஜெரோம் லெஜூன். செல்களை வளர்க்கும் முறையை அந்த ஆஸ்பத்திரியில் ஏற்படுத்தியவர் மார்த் கோத்தியே என்ற பெண் டாக்டர். காசு இல்லாமல், தன் ரத்தத்திலிருந்தே சீரம் எடுத்து வேலை செய்ததாகப் பின்னாளில் சொன்னார். அவர் பங்கு பேசப்படவே ஐம்பது வருடம் ஆனது.

அந்தக் கண்டுபிடிப்பு யாரையும் குணப்படுத்தவில்லை. ஆனால் ஒரு பெரிய பாரத்தை இறக்கியது. பெற்றோரின் குடி, நோய், பரம்பரைக் களங்கம் என்று கிளப்பிய கதைகள் எல்லாம் அடிபட்டுப் போயின. 1961-ல் விஞ்ஞானிகள் 19 பேர் 'லான்செட்' இதழுக்கு எழுதி 'மங்கோலிசம்' என்ற பெயரை விட்டுவிடச் சொன்னார்கள். கையெழுத்து போட்டவர்களில் பென்ரோஸ், லெஜூன், லாங்டன் டவுன் குடும்பத்தவர் ஒருவர் எல்லாம் உண்டு. 1965-ல் மங்கோலிய நாடே கேட்டுக்கொண்ட பிறகு உலக சுகாதார நிறுவனம் அந்தப் பெயரைக் கைவிட்டது.

25: கதவு திறந்த விதம்

இங்கிலாந்தில் அப்போது இந்தக் குழந்தைகளைப் 'படிக்க வைக்க முடியாதவர்கள்' என்று சட்டப்படியே ஒதுக்கி வைக்கலாம். பள்ளிக்கூடம் கிடையாது. நைஜல் ஹண்ட் என்ற பையனையும் அப்படித்தான் எழுதி ஒதுக்கினார்கள். அவன் அம்மா கேட்கவில்லை, வீட்டிலேயே எழுத்தைக் கற்றுக்கொடுத்தார். அவன் டைப்ரைட்டரில் தன் கதையைத் தானே தட்டினான். 1967-ல் 'நைஜல் ஹண்ட்டின் உலகம்' புத்தகமாக வந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவர் எழுதி வெளிவந்த முதல் புத்தகம் என்று சொல்கிறார்கள். முன்னுரை எழுதியவர் அதே பென்ரோஸ். 1971-ல் இங்கிலாந்தில் அந்தச் சட்டம் மாறி, எந்தக் குழந்தையும் கல்விக்கு வெளியே இல்லை என்றானது. 1975-ல் அமெரிக்காவிலும் எல்லாக் குழந்தைகளுக்கும் பள்ளி உரிமை சட்டமானது.

காப்பகங்களின் நிலைமையும் வெளியே வந்தது. நியூயார்க்கின் வில்லோபுரூக்கில் 4000 பேருக்கான இடத்தில் 6000 பேரை அடைத்திருந்தார்கள். 1972-ல் டிவி கேமரா உள்ளே போனது. உடம்பில் துணி இல்லாமல், அழுக்கில் கிடந்த குழந்தைகளை நாடே பார்த்தது. 1987-ல் அதை இழுத்து மூடினார்கள். நல்ல நோக்கத்தோடு ஆரம்பித்த நார்மன்ஸ்ஃபீல்டும் தப்பவில்லை. அரசு மருத்துவத்துறைக்குப் போன பிறகு நிலைமை கெட்டு, 1976-ல் நர்ஸ்களே வேலைநிறுத்தம் செய்து, விசாரணை நடந்தது.

ஆயுள் கணக்கில் பெரிய இடம் இருதயத்துக்குத்தான். டவுன் சிண்ட்ரோமில் அதிகம் வரும் வகை, இருதயத்தின் நடுவில் பெரிய ஓட்டை. அதைத் திறந்து தைக்கும் ஆபரேஷனை 1950களின் நடுவிலேயே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அடுத்த இருபது முப்பது வருடம், குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று தெரிந்தால் பல இடங்களில் ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். 'ஆயுளே குறைவு, எதற்கு?' ஆபரேஷன் செய்யாததால் ஆயுள் குறைந்தது. ஆயுள் குறைவு என்பதால் ஆபரேஷன் செய்யவில்லை. எங்கள் தொழிலில் இதை இன்ஃபினிட் லூப் என்போம். வெளியே இருந்து யாராவது நிறுத்தினால்தான் நிற்கும்.

1982-ல் அமெரிக்காவின் இண்டியானாவில் ஒரு குழந்தை பிறந்தது. டவுன் சிண்ட்ரோம், கூடவே உணவுக்குழாய் வயிற்றோடு சேரவில்லை. சரிசெய்யக்கூடிய ஆபரேஷன்தான். பிரசவம் பார்த்த டாக்டர் வேண்டாம் என்ற வழியையும் சொன்னார், பெற்றோர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள், கோர்ட்டும் தலையிடவில்லை. ஆறு நாளில் குழந்தை இறந்தது. 'பேபி டோ' என்ற பெயரில் நாடு முழுக்க விவாதமாகி, 1984-ல் சட்டம் வந்தது: குறைபாடு இருக்கிறது என்பதற்காகக் குழந்தையின் சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது.

1983-ல் 25. அதே அமெரிக்காவில் 1997-ல் 49. பதினாலே வருடத்தில் 24 வயது கூடியிருக்கிறது. புது அற்புத மருந்து எதுவும் நடுவில் வரவில்லை. மற்ற குழந்தைகளுக்குச் செய்துகொண்டிருந்ததை இவர்களுக்கும் செய்தார்கள், வீட்டில் வளர்த்தார்கள், பள்ளிக்கு அனுப்பினார்கள். பெரும்பாலும் அதுதான்.

60: இன்று

ஸ்பெயினின் பாப்லோ பினேடா பட்டம் வாங்கி ஆசிரியர் பயிற்சி முடித்தார்; 2009-ல் சான் செபாஸ்டியன் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதும் வாங்கினார். அமெரிக்காவின் கிறிஸ் நிகிச் 2020-ல் நீச்சல், சைக்கிள், மாரத்தான் ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டியை 17 மணி நேரக் கெடுவுக்குள் முடித்தார். நம் பக்கத்தில், 2021-ல் வந்த 'திரிகே' மலையாளப் படத்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ள கோபிகிருஷ்ணன் வர்மா முக்கியப் பாத்திரத்தில் நடித்தார்.

இவர்களை மட்டும் காட்டினால் அதுவும் பொய்யாகிவிடும். எல்லோரும் பட்டம் வாங்குவது இல்லை. சிலருக்குப் பேச்சே முழுதாக வராது. சிலர் தனியாக பஸ் ஏறி வேலைக்குப் போகிறார்கள், சிலருக்குச் சட்டைப் பட்டன் போடக் கடைசிவரை ஆள் வேண்டும். மூன்று குரோமோசோம் என்று ரிப்போர்ட் சொல்லும், எவ்வளவு முடியும் என்பதைச் சொல்லாது.

அறுபதுக்கு என்று ஒரு விலையும் இருக்கிறது. அல்சைமர் நோயோடு சம்பந்தப்பட்ட ஏபிபி என்ற ஜீன் 21-ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது. இவர்களுக்கு அது மூன்று. 40 வயதுக்குள் ஏறக்குறைய எல்லோர் மூளையிலும் அல்சைமரின் படிவுகள் வந்துவிடுகின்றன. 50களில் பலருக்கு மறதி நோய் தொடங்குகிறது. ஒன்பது வயதில் இறந்துகொண்டிருந்த காலத்தில் இந்தப் பிரச்சினை கண்ணில் படவே வாய்ப்பு இல்லை.

பரிசோதனைகளும் மாறிவிட்டன. டென்மார்க் 2004 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஸ்கிரீனிங் வசதி தந்தது. அங்கே டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகள் மிகவும் குறைந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் ஹைடி குரோட்டர் என்ற பெண், தானே டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், கருக்கலைப்புச் சட்டத்தில் தங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் தனி அளவுகோல் இருப்பதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2022-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார். பெண்ணின் உரிமை ஒரு பக்கம், 'நான் இங்கே நிற்கிறேன்' என்று சொல்லும் ஒருவர் இன்னொரு பக்கம். இதற்கு என்னிடம் சுலபமான தீர்ப்பு இல்லை.

நண்பரிடம் சொன்னது

நான் படித்ததில் அவருக்குத் தேவைப்பட்டதை மட்டும் சொன்னேன். டபுள் மார்க்கரில் 'ஹை ரிஸ்க்' என்பது வெறும் வாய்ப்புக் கணக்கு. 150-ல் ஒன்று என்று வந்திருந்தால், மீதி 149 பேருக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். தாயின் ரத்தத்திலேயே குழந்தையின் டிஎன்ஏ துண்டுகளைப் பார்க்கும் என்ஐபிடி இருக்கிறது. ஆனால் உறுதி செய்வது பனிக்குட நீர்ப் பரிசோதனை போன்றவைதான். பிறகு என்ன முடிவு என்பது தங்கையும் அவர் கணவரும் டாக்டரோடு பேசி எடுக்க வேண்டியது, சொந்தக்காரர்கள் எடுப்பது இல்லை. எந்த முடிவாக இருந்தாலும் 1949-ன் எண்ணை வைத்து எடுக்க வேண்டாம்.

குழந்தை வந்தால் முதல் வேலை இருதயத்துக்கு எக்கோ, பிறகு தைராய்டு, காது, கண். சீக்கிரமே பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும். மத்திய அரசின் ஆர்பிஎஸ்கே திட்டத்தில் பார்க்க வேண்டிய பிறவிக் குறைபாடுகளில் டவுன் சிண்ட்ரோமும் இருக்கிறது. அதற்காக மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு இருந்தால் 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "சரிடா, அறுபது வயசு வரைக்கும் இருக்கும்னே வச்சுக்குவோம். என் தங்கச்சிக்கு இப்பவே முப்பத்தி மூணு. அவங்களுக்கு அப்புறம் அந்தப் புள்ளைய யாரு பாத்துக்குவா?"

1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பற்றிச் சொன்னேன். 18 வயதுக்குப் பிறகு கலெக்டர் தலைமையில் இருக்கும் குழு மூலம் சட்டப்படி ஒரு காப்பாளரை நியமிக்கலாம், 'நிராமயா' என்று ஒரு லட்சம் வரை மருத்துவக் காப்பீடு இருக்கிறது. சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்குத் தெரிந்தது, இது பாதிப் பதில்தான். காப்பாளர் பேப்பரில் கையெழுத்து போடுவார். ஐம்பது வயதில் மறதி வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குச் சோறு ஊட்டுவது யார்? அதற்கு வீடுகளும் ஆட்களும் வேண்டும், நம் ஊரில் இன்னும் மிகக் குறைவு.

நார்மன்ஸ்ஃபீல்டு 1997-ல் மூடப்பட்டது. அந்தப் பழைய கட்டிடத்தில் இப்போது இங்கிலாந்தின் டவுன் சிண்ட்ரோம் சங்கம் அலுவலகம் வைத்திருக்கிறது. 1879-ல் கட்டிய நாடக அரங்கமும் அப்படியே இருக்கிறது. பெற்றோர் ஆலோசனை கேட்டு அங்கே போன் செய்கிறார்கள். 1929-ல் யாரும் கேட்டிருக்கவே முடியாத என் நண்பரின் கேள்வியும் அங்கே தினமும் வந்துகொண்டுதான் இருக்கும்.